அம்மா மோதிரத்தைக் கழற்றிய காரணம்

அன்புச் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, அதற்கு மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்று நீ அனுப்பும் இரண்டு வரிச் செய்தியை வைத்து நானாகவே முடிவு செய்துகொள்கிறேன். ஐந்து வாரமாக ஞாயிற்றுக்கிழமையில் உன் முகத்தைப் பார்க்காமல் வீடு வீடாகவே இல்லை. இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் நகர்ந்தாலே அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியான வேளையில் மூக்குக் கண்ணாடி வாங்க யாரும் வருவதில்லை, சுவரில் மாட்டிய வெறும் பிரேம்கள்தான் என்னை முறைத்துப் பார்க்கின்றன. அம்மாவுக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் வேலை நிறைய வந்திருக்கிறது, கூடம் முழுக்க நீலத் துணி, காலை வைக்க இடமில்லை, நேற்று என் வேட்டியில் ஒரு சட்டைக் காலர் குத்திக்கொண்டு கடை வரைக்கும் வந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மாவின் விரலைப் பார்த்துவிட்டு, மோதிரம் எங்கே என்று நீ கேட்டாய். கழட்டி வெச்சிட்டேன் என்று மட்டும் அவள் சொன்னாள். உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அதற்கு முந்தின வாரம்தான் இன்னும் மூன்று வருஷம் அங்கேயே வேலை பார்க்கப் போவதாக நீ சொல்லி, இங்க ஒருத்தி இருக்கிறதையே மறந்துடு என்று அவள் வெடித்திருந்தாள். அந்தக் கோபத்தில்தான் நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த மோதிரத்தைக் கழற்றி எறிந்துவிட்டாள் என்று நீ நினைத்தாய். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் உண்மை அதுவல்ல, சிட்டு. அவள் கழற்றியது என் கையில் கொடுக்க. அதைக் கெடுத்தவன் நான்.

எல்லாம் உன் வெள்ளிச் சங்கிலியில் ஆரம்பித்தது. நீ ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனாயே, அது கரிச்சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. ஏதோ வீடியோவில் பார்த்தபடி பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடாவைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிச் சங்கிலியை முக்கினேன். அழுகின முட்டை நாற்றம் அடித்தது, ஆனால் எடுத்துத் துடைத்தால் நிலா மாதிரி ஒரு வெளிச்சம். அம்மா வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பாராட்டியது மூன்று தடவை இருக்கும், இது நான்காவது. நேராகத் தலைக்கு ஏறிவிட்டது. உன் மோதிரத்தையும் கொடு, நம் கடை மிஷினில் போட்டுப் புதுசாக்கித் தருகிறேன் என்றேன். துணியில் கோடு போடும் சாக்பீஸ் பொடி, மிஷின் எண்ணெய், சோப்பு எல்லாம் அந்தப் பச்சைக்கல்லின் இடுக்கில் நாலு வருஷமாக அடைந்து கிடந்தது. அவள் லேசில் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கெஞ்சினேன். விரல் கணு வீங்கியிருந்ததால் சோப்புப் போட்டுத் திருகித் திருகிக் கழற்றினாள், என் உள்ளங்கையில் வைத்துப் பத்திரம் என்றாள்.

கடையில் கண்ணாடிகளைக் கழுவ ஒரு மிஷின் இருக்கிறதல்லவா, ஙொய்யென்று இரைந்து தண்ணீரை அதிர வைக்குமே, அதில் சுடுதண்ணீர் ஊற்றி மோதிரத்தைப் போட்டேன். ஒரு தடவை போதாது என்று இரண்டு தடவை. எடுத்துப் பார்த்தால் வெள்ளி பளபளக்கிறது, கல் மட்டும் யாரோ அதன்மேல் ஊதின மாதிரி மங்கிக் கிடக்கிறது. துடைத்தேன், போகவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், உள்ளே முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள். அன்றைக்கு ஒரு கிழவருக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்கு எழுதிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

சாயங்காலம் அம்மாவிடம் கொடுத்தேன். திட்டுவாள், பாத்திரம் பறக்கும் என்று தயாராகத்தான் போனேன். அவள் ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இது அவ வாங்கிக் கொடுத்ததுங்க என்றாள். அவ்வளவுதான். இரண்டு அறை வாங்கியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. மறுநாள்தான் ஞாயிற்றுக்கிழமை. நீ கேட்டபோது நான் வாயைத் திறந்தேன், மேஜைக்கு அடியில் அவள் என் காலை அழுத்தி மிதித்தாள். நீ போனை வைத்த பிறகு ஏன் என்று கேட்டேன். "உங்களை அவ ஒரு வார்த்தை சொல்லிட்டா என்னால தாங்க முடியாது. என்மேல ஏற்கெனவே கோபமாத்தான் இருக்கா, அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். உன்னிடம் எனக்கு இருக்கிற நல்ல பெயரை விட மனசில்லை, அதுதான் நிஜம். கல்லைக் கெடுத்தது அறியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. இந்த ஐந்து வாரமும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் முகம் கழுவி, தலைவாரி, போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

மோதிரத்தை எடுத்துக்கொண்டு, நகையில் கல் பதிக்கிற ஒரு பெண்மணியிடம் போனேன். நம் கடை வாடிக்கைதான் அவர், கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்று மாதத்துக்கு ஒரு தடவை சண்டைக்கு வருவார். கல்லைப் பார்த்த உடனே என்னை ஒரு பார்வை பார்த்தார். "சார், பச்சைக்கல்லுக்குள்ள பொறக்கும்போதே கீறல் இருக்கும். பட்டை தீட்டினவங்க எண்ணெயை ஏத்தி அதை மறைச்சிருப்பாங்க. உங்க மிஷின் அந்த எண்ணெயைக் குலுக்கி வெளிய தள்ளிடுச்சு. நான் கண்ணு பரிசோதனை பண்றேனா? நீங்க ஏன் கல்லுல கை வைக்கிறீங்க?" என்று நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் திட்டி முடிக்கும்வரை நான் அவர் கண்ணாடியின் மூக்குப்பிடியைச் சரி செய்துகொண்டிருந்தேன், வேறென்ன செய்ய. பிறகு குரலை இறக்கி, கல் சாகலை சார், எண்ணெயில ஊறணும், கொஞ்சம் நாளாகும், பழைய பச்சை முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன் என்றார். நாலு வாரத்துக்கு மேல் ஊற வைத்து, தளர்ந்திருந்த பிடிகளையும் இறுக்கி, விரல் வீக்கத்துக்கு வளையத்தையும் கொஞ்சம் பெரிதாக்கிப் போன வியாழக்கிழமை கொடுத்தார். ஓரத்தில் ஒரு மயிரிழை மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது, மற்றபடி பச்சை திரும்பிவிட்டது. அம்மா போட்டுக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தாள், மிஷினில் உட்கார்ந்தாள், பத்து நிமிஷம் ஒரு தையலும் போடவில்லை.

இந்தப் பார்சலில் உன் சங்கிலியும் முத்துத் தோடும் இருக்கின்றன. சங்கிலியை இனிமேல் ரப்பர் பேண்டு பக்கமே கொண்டுபோகாதே, ரப்பர்தான் வெள்ளியைக் கறுக்கடிக்கிறதாம். கழற்றியதும் மெத்தென்ற துணியால் துடைத்துக் காற்றுப் புகாத பையில் வை, அதைவிட அடிக்கடி போட்டுக்கொள், புழங்குகிற வெள்ளி சீக்கிரம் கறுக்காது என்று அந்தக் கல் பதிக்கிற பெண்மணி சொன்னார். முத்து ரொம்பத் தொட்டாற்சிணுங்கி. சென்ட் அடித்து, தலை வாரி, எல்லாம் முடித்த பிறகு கடைசியாகத்தான் அதைப் போட வேண்டும். சோடாவில் கீடாவில் போட்டுவிடாதே, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். கல் வைத்த நகையோடு சேர்த்து வைத்தால் முத்தில் கீறல் விழும், அதனால் தனித்தனியாக இருக்கட்டும். ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க கையில் மருந்து தடவுகிறாயே, அப்போது மோதிரம் எதுவும் போட்டிருந்தால் கழற்றி வைத்துவிடு. இத்தனையும் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ சிரிப்பாய், சிரி, அடிபட்டவன் சொல்கிறேன்.

இதுவரை எழுதி மடித்துவிட்டேன், ஆனால் மனசு கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் இன்னொன்றைச் செய்ய வேண்டாம் என்று கடிதத்தை வீட்டுக்கு எடுத்து வந்து முழுசும் படித்துக் காட்டினேன். பட்டன் தைத்துக்கொண்டே கேட்டாள். காலை மிதித்த இடம் வந்தபோது, அதையெல்லாமா எழுதுவாங்க என்றாள். முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பார்சலை ஒட்டிட்டீங்களா என்று கேட்டாள். உனக்காக இரண்டு பருத்திச் சட்டை தைத்து அதில் வைத்திருந்தாள். ஒட்டவில்லை என்றேன். "ஒட்டாதீங்க. மூணு வருஷத்துக்கு ரெண்டு சட்டை எப்படிங்க பத்தும்?" என்று சொல்லிவிட்டு, நீலத் துணியையெல்லாம் ஒதுக்கித் தள்ளி, உனக்குப் பிடித்த மஞ்சளில் ஒன்றை விரித்துக் கோடு போட ஆரம்பித்துவிட்டாள். அதனால் பார்சல் இரண்டு நாள் தாமதமாக வரும், பொறுத்துக்கொள்.

நீ நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி, நிம்மதியாகத் தூங்கி எழுந்து சந்தோஷமாக இருக்க வேண்டும் தங்கமே. வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணியை மறக்காதே. என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் அம்மாவிடம் பேசு.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அப்பா