மறுக்கவில்லை, இயலவில்லை

ஜனவரி 14, 2025

காலையில் எழும்பினவுடன் தாதியர் கண்காணிப்புத் திட்டத்தின் போன் இலக்கத்துக்கு அடித்தேன். இன்றைக்கு என் முறை என்று பதிவுசெய்த பிரெஞ்சுக் குரல் சொன்னது. அப்படியென்றால் வேலை முடிய ஷபனெலில் இருக்கிற சிறுநீர்ச் சோதனை நிலையத்துக்குப் போய்ச் சலம் கொடுக்கவேண்டும்.

வார்டில் நாள் முழுக்க ஓட்டம். இரண்டு இடுப்பு ஒப்பரேசன், ஒரு முழங்கால். வழமைபோலச் சலத்தை அடக்கிக்கொண்டே நின்றேன். எங்கட தொழிலில் அதுதானே முதல் பழக்கம். போன முறை அங்கே போய் வராமல் நெடுநேரம் இருந்த பயத்தில், இண்டைக்கு மெட்ரோவிலேயே ஒரு பெரிய போத்தல் தண்ணீர் குடித்து முடித்தேன். அங்கே சலம் சுகமாக வந்தது.

தோள்மூட்டு நோவுக்கு வார்ட் அலுமாரியிலிருந்து குளிசை எடுத்ததும், அதை நானே போய்த் தலைமைத் தாதியிடம் சொன்னதும், சிகிச்சைக்குப் போனதும் பழைய கதை. இப்போது நான் சுத்தம். ஆனால் லைசென்ஸ் முழுசாகத் திரும்பிவர இந்தக் கண்காணிப்புக் காலம் முடியவேண்டும். அதுவரைக்கும் நோவு மருந்து அலுமாரித் திறப்பு என் கையில் இல்லை. கூட வேலை செய்பவர்களிடம் கேட்டுத்தான் நோயாளிக்குக் கொடுக்கிறேன். அது பரவாயில்லை. பழகிவிட்டது.

ஜனவரி 22

திட்டத்திலிருந்து அழைப்பு. என்னுடைய மாதிரி "தண்ணீர்த்தன்மை கூடியது" என்று வந்திருக்கிறதாம். வேண்டுமென்று தண்ணீர் குடித்துக் கலக்கிப்போட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் நினைக்கிறார்கள். இனி ஒவ்வொரு முறையும் ஒரு பெண் உள்ளே நின்று நேரே பார்ப்பாராம்.

சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

பெப்ரவரி 3

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் நித்திரையும் வராது.

அந்தச் சின்ன அறையில் குழாயைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், ரொய்லெட் தண்ணீரில் நீலம் கலந்திருக்கிறார்கள். மேல்சட்டையைத் தூக்கி, ஒன்றும் ஒளித்துவைக்கவில்லை என்று சுற்றிக் காட்டிவிட்டு இருந்தேன். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. அவசரமில்லை மதாம், ஆறுதலாக இருங்கோ என்றாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாதாம், அது அவளுடைய வேலை.

வரவில்லை.

வெளியே வந்து ஒரு கிளாஸ் தண்ணீர். திரும்ப உள்ளே. வரவில்லை. கூடக் குடித்தால் போன முறை மாதிரித் தண்ணீர் என்பார்கள், குடிக்காவிட்டால் ஒன்றுமில்லை. அடிவயிறு கல்லு மாதிரி. வெடிக்கிற மாதிரி நோகுது, ஆனால் ஒரு துளி வரேல்லை. என்ர உடம்பு எனக்கே கதவைச் சாத்திப்போட்டுது.

எத்தனை பேருக்கு பெட்பான் வைத்தவள் நான். திரையை இழுத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, நான் அங்காலப் போறன், ஆறுதலா இருங்கோ எண்டு சொல்லுறவள். எனக்கு ஆர் திரை இழுத்துவிடுறது?

மூன்று மணித்தியாலம்தான் விதி. முடிந்ததும் அவள் தாளில் ஒரு பெட்டியில் புள்ளடி போட்டாள். "மறுத்தார்." நான் மறுக்கவில்லை என்றேன். இயலவில்லை என்பதற்கு இதில் பெட்டி இல்லை மதாம் என்றாள். அவளுக்கும் முகம் சரியில்லை.

வெளியே வந்து, பக்கத்துக் கோப்பிக்கடை ரொய்லெட்டுக்குள் ஓடிப்போய்க் கதவைப் பூட்டினேன். உடனே வந்தது. இருந்து அழுதேன்.

பெப்ரவரி 4

மறுப்பு என்றால் சோதனையில் மருந்து பிடிபட்டதற்குச் சமம். வேலை நிறுத்தம். விசாரணை வரும்.

பெப்ரவரி 6

றஜிந்தன் இன்று பஸ் ஓட்டிவிட்டு வந்து, சாப்பிடாமல் எனக்கு முன்னால் இருந்தார். மகள் ஜெசிக்கா குளித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் கேட்டார்.

"நீ திரும்ப எடுக்கேல்லைத்தானே, துஷா?"

பதினாலு வருசம் கட்டி வாழ்ந்த மனிசன். கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தால் அதைவிட மோசம். கண்ணைப் பார்த்து இல்லை என்றேன்.

"சரி. கேட்டிட்டன். இனிக் கேக்கமாட்டன்."

அதற்குப் பிறகு தானே சோற்றைப் போட்டு எனக்கும் கொண்டுவந்து தந்தார். குளித்துவிட்டு வந்த ஜெசிக்கா, நான் இரண்டு நாளாக வீட்டில் நிற்பதைப் பார்த்து லீவா என்று பிரெஞ்சில் கேட்டாள். ஓம் என்றேன். பொய்தான்.

பெப்ரவரி 9

ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. ஆர் என்ன கேட்பினம் என்ற பயம்.

பெப்ரவரி 11

இன்று கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு யோசனை வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

இடுப்பு ஒப்பரேசன் முடிந்த ஆட்களுக்குச் சலம் போகாது. பாதிப் பேருக்காவது முதல் நாள் அப்படித்தான். நாங்கள் என்ன செய்கிறோம்? ஸ்கேனரை உருட்டிக்கொண்டு வந்து அடிவயிற்றில் வைத்து, சலப்பை நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். நிறைந்திருந்தால் அவருக்கு இயலவில்லை. ஆராவது நோயாளி மறுத்தார் என்று எழுதுகிறோமா? ஒரு நாளும் இல்லை.

உடனே கத்தரினுக்கு அடித்தேன். யூனியனில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பானவர், கியூபெக் மனுசி, கதைக்கும்போதே சப்பிச் சாப்பிடுவார். நான் சொன்னதைக் கேட்டுச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இதை ஒரு டொக்டர் எழுதித் தந்தால் விசாரணையில் வைக்கலாம் என்றார். பேந்து, இன்னொன்றும் சொன்னார். இதே காரணத்துக்காகத் தன்னிடம் முன்னரும் தாதிமார் வந்தார்களாம். எல்லாரும் வெட்கத்தில் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனார்களாம்.

நான் போகமாட்டேன்.

பெப்ரவரி 20

பற்றிக் என்ற சலப்பை டொக்டரிடம் போனேன். இளம் ஆள், தலைமயிர் கொட்டத் தொடங்கிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இப்படி ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை என்றார். அந்தச் சொல்லிலேயே பாதிப் பாரம் இறங்கினது.

அங்கேயே சோதித்தார். தண்ணீர் குடித்துவிட்டு இருந்தேன். அவருடைய தாதி உள்ளே வந்து நின்றார். ஒன்றுமில்லை. ஸ்கேன் வைத்துப் பார்த்தால் அறுநூறு மில்லிலீற்றருக்கு மேல். பிறகு தாதி வெளியே போய்க் கதவைச் சாத்தினார். ஒரு நிமிசம் செல்லவில்லை, போத்தல் நிறைந்தது. நான் உள்ளுக்குள் இருந்தே சிரித்துவிட்டேன். வெளியில் அந்தத் தாதியும் சிரித்தது கேட்டது.

கத்தரின் சொன்னபடி என் தலைமயிரிலும் ஒரு கற்றை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். மயிர் கடந்த மாதங்களைச் சொல்லுமாம். சொல்லட்டும்.

பெப்ரவரி 27

வேலை இல்லாவிட்டாலும் முறை வந்தால் ஷபனெலுக்குப் போகத்தான் வேண்டும். இன்று போனேன்.

காத்திருக்கும் இடத்தில் ஒரு பிள்ளை இருந்தாள், முப்பது வயது இருக்கும். பார்த்தவுடன் தமிழ் என்று தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் "பொன்ஜூர்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம். மொன்றியலில் தமிழ்ச் சனத்துக்கு முன்னால் இந்த இடத்தில் பிடிபடுவதுபோல ஒரு வெட்கம் வேறில்லை.

அவள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஏலாமல் வாயைத் திறந்தேன்.

"தங்கச்சி, தண்ணியைக் குறைச்சுக் குடியுங்கோ. கூடினாலும் பிழை எண்டுதான் சொல்லுவினம்."

என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"எனக்கு வரேல்லை அக்கா. மூண்டாம் தரம் உள்ள போய் வந்திட்டன்."

அஜந்தா. புரோசார்ட்டில் இருக்கிறாளாம், ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. பிள்ளை பிறந்த பிறகு மனம் உடைந்து குடியில் விழுந்து, எழும்பி, இந்தத் திட்டத்துக்குள் வந்தவள். ஒரு வருசமாக ஒரு சொட்டும் தொடவில்லை. புருசனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

நேரம் முடிந்ததும் "மறுத்தார்" என்று புள்ளடி போட்ட தாளைக் கொண்டுவந்தார்கள். கையெழுத்துப் போடமுதல், "மறுக்கவில்லை, இயலவில்லை, மருத்துவச் சோதனை கேட்கிறேன்" என்று பக்கத்தில் எழுது என்று சொல்லிக்கொடுத்தேன். பிரெஞ்சில் எழுதினாள், எழுத்துப் பிழையோடு. அடுத்தது என் முறை. எனக்கும் வரவில்லை. நானும் அதையே எழுதினேன்.

வெளியே குளிர் முகத்தை வெட்டியது. மெட்ரோ வரைக்கும் கையைக் கோர்த்துக்கொண்டு நடந்தோம்.

மார்ச் 13

மயிர்ச் சோதனை வந்தது. ஒன்றுமில்லை. சுத்தம். றஜிந்தனுக்குக் காட்டினேன். "எனக்கு இது தேவைப்படேல்லை" என்றார். ஆனால் இரண்டு தரம் வாசித்தார், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் 25

விசாரணை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேசைக்கு அங்கால மூன்று பேர். நடுவில் ஒரு வயதான பெண், அவரும் தாதியாக இருந்தவராம். திட்டத்தின் சட்டத்தரணி நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார். விதி எல்லாருக்கும் ஒன்று, ஒருவருக்கு உண்மையில் இயலவில்லையா என்பதை வெளியில் நிற்பவர் அறியமுடியாது, ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் ஏமாற்றுபவர்களும் அதையே சொல்லுவார்கள் என்றார். அது நியாயமில்லாத கதையும் இல்லை.

டொக்டர் பற்றிக் வந்து தான் கண்டதைச் சொன்னார். அறுநூறுக்கு மேல் என்றதும் நடுவில் இருந்த அம்மா முகத்தைச் சுழித்தார். அந்த நோவு அவருக்குத் தெரியும்.

பிறகு என்னைக் கதைக்கச் சொன்னார்கள். பிரெஞ்சில் எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். எழும்பி நின்றதும் எல்லாம் போய்விட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் வேலைசெய்யிற வார்டில ஒப்பரேசன் முடிஞ்ச ஒருத்தருக்குச் சலம் போகாட்டி, மறுத்தார் எண்டு நாங்கள் எழுதுறேல்லை. ஸ்கேனர் வைச்சுப் பாக்கிறம். என்னையும் வைச்சுப் பாருங்கோ. என்ர மயிரை எடுங்கோ, எச்சிலை எடுங்கோ, ரத்தத்தை எடுங்கோ. என்னைச் சோதிக்க வேண்டாம் எண்டு நான் கேக்கேல்லை. நான் ஏமாத்தேல்லை எண்டு காட்ட ஒரு வழி தாங்கோ எண்டுதான் கேக்கிறன்."

இதைப் பிரெஞ்சில்தான் சொன்னேன், எத்தனை பிழையோ தெரியாது. சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

நடுவில் இருந்தவர் பேனையை வைத்துவிட்டார். சட்டத்தரணியைப் பார்த்து, அந்த இடத்தில் ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டார். அவர் தாள்களைப் புரட்டினார். இல்லை என்றார். ஏன் இல்லை என்று அந்த அம்மா கேட்டார். அவர் திரும்பவும் தாள்களைப் புரட்டினார்.

வெளியே வந்ததும் கத்தரின் என்னைக் கட்டிப்பிடித்தார். பையிலிருந்து ஒரு சான்விச் எடுத்துப் பாதியை எனக்குத் தந்தார். வாழ்க்கையில் அப்படி ருசியான சான்விச் சாப்பிட்டதில்லை.

ஏப்ரல் 8

வென்றுவிட்டோம்.

இரண்டு மறுப்புகளும் நீக்கம். திங்கள் முதல் வேலைக்குப் போகலாம். இனி எனக்கு எச்சிலும் மயிரும்தான். அதைவிடப் பெரியது: இனி ஆருக்கும் இயலாவிட்டால் மறுப்பு என்று பதியக்கூடாது, அங்கேயே ஸ்கேன் வைத்துப் பார்த்து மருத்துவரிடம் அனுப்பவேண்டும். திட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அஜந்தாவுக்கு அடித்தேன். அவளுடைய மறுப்பும் நீங்கும் என்று சொன்னேன். அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா தெரியவில்லை, இரண்டும்தான். ஜெசிக்காவுக்கும் இன்று உண்மையைச் சொன்னேன், லீவு இல்லை, சண்டை பிடிச்சனான் என்று. ஆரோடை, வென்றீங்களா என்று கேட்டாள். றஜிந்தன் அடுப்படியில் நின்று, ஓம், அம்மா வெண்டிட்டா என்று கத்தினார். அயலவர் சுவரில் தட்டினார்கள். பார்க் எக்ஸ்டென்ஷன் பிளாட்டில் சந்தோசப்படவும் அளவிருக்கு.

ஏப்ரல் 14

முதல் நாள். ஒரு முழங்கால், மூன்று இடுப்பு. கால் வீங்கிப்போச்சு. நல்லாயிருந்தது.

ஜூன் 2

ஷபனெலில் ஸ்கேனர் வந்திருக்கிறது. அஜந்தா போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அதை வைத்துப் பார்த்த இரண்டாவது ஆள் அவள்தானாம். முதலாவது ஆள் ஆரோ.

ஒக்டோபர் 18

அஜந்தாவின் மகனுக்கு மூன்றாவது பிறந்தநாள், புரோசார்ட்டில் ஒரு மண்டபம். நாங்கள் மூன்று பேரும் போனோம். நிறையச் சனம், எல்லாரும் அவளுடைய மாமியாரின் ஆட்கள், யாழ்ப்பாணத்தார். ஒரு மேசையில் என்னைக் கொண்டுபோய் இருத்தி அஜந்தா கேக் தந்தாள். மாமியாரின் தங்கச்சி, நீங்கள் ரெண்டு பேரும் எங்கை பழக்கம், ஒரே ஆஸ்பத்திரியோ என்று கேட்டார்.

நான் ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அஜந்தா முந்திவிட்டாள்.

"இல்லை சின்னம்மா. எங்களுக்கு லைசென்ஸ் பிரச்சினை வந்தது. நான் குடிச்சுப்போட்டுத் திருந்தின ஆள். சோதிக்கிற இடத்திலதான் அக்காவைக் கண்டனான். ரெண்டு பேரும் ஒண்டா நிண்டு வெண்டனாங்கள்."

சின்னம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அவளுடைய புருசன் யதுர்ஷன் தூரத்தில் பலூன் கட்டிக்கொண்டு நின்றவர், திரும்பிப் பார்த்துவிட்டு, கட்டுவதைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் யாரோ பிரியாணி வந்திட்டுது என்றார்கள், சனம் எழும்பினது. ஒன்றும் இடிந்து விழவில்லை.

வெளிக்கிடும்போது, சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்க, ஒரு அம்மா பக்கத்தில் வந்தார். முன்பின் தெரியாத ஆள், அஜந்தா சொன்னதைக் கேட்டிருக்கவேண்டும். நல்ல சேலை, கழுத்தில் கனத்த சங்கிலி. சுற்றிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, என்ர மகளும் நேர்ஸ்தான். ஒரு மாசமா அறையை விட்டு வெளிய வாறாளில்லை. உங்கட நம்பரைத் தருவீங்களே?"

சொன்னேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு, போனில் ஒவ்வொரு இலக்கமாக அமத்தினார். பிறகு தலையை நிமிர்த்தி, என்ன பேரில் போடட்டும், ஆரும் போனைப் பார்த்தாலும் தெரியாமல் வேறு ஏதும் பேரில் போட்டால் உங்களுக்குக் கரைச்சல் இல்லைத்தானே என்று கேட்டார்.

"துஷாந்தினி எண்டே போடுங்கோ, அம்மா. பக்கத்தில நேர்ஸ் எண்டும் போடுங்கோ."