ஈரத்திரைக்குப் பின்னால்

1929 ஏப்ரல் 22, திங்கள்

காலையிலேயே வெயில். சைக்கிள் பின்சக்கரம் பஞ்சர், ஒட்டியாயிற்று. நான்காம் வகுப்புக் கணக்குத் தாள்கள் திருத்தவில்லை. நாளை.

நேற்று ஆலயத்தில் எங்களுடைய கல்யாண அறிவிப்பு, இரண்டாம் ஓலை. "ஞானமுத்து என்னும் வாலிபனும் கிருபை என்னும் கன்னிகையும்" என்று போதகர் வாசித்ததும் எனக்குக் காது சுட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிருபை பாட்டுப் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் மே மாதம் கல்யாணம்.

வாய் திறக்கக்கூடியவர் ஒருவர் உண்டு. கிருபையின் அம்மா, ஞானப்பூ அத்தை. பெற்ற தாயே மகள் கல்யாணத்துக்குத் தடை சொல்வாளா என்றால், இவர் சொல்வார். போன வருஷம் தன் அண்ணன் மகளுக்கு மூன்றாம் ஓலை வாசிக்கையில் எழுந்து நின்று, மாப்பிள்ளை மதுரையில் நாடகம் பார்த்தவர் என்று சொல்லிக் கல்யாணத்தையே நிறுத்திவிட்டார். அந்தப் பெண் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

நாடகத்துக்கே அந்தக் கதி. நான் வாரத்தில் பாதி நாள் ராஜபாளையம் சினிமாக் கொட்டகையில் கதை சொல்கிறவன். படம் பேசாது. நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வரும். அதைத் தமிழில் உரக்கச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். அந்த ஆள் நான்.

ஆனால் யாருக்கும் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஏழு மைல். அதுவும் நான் திரைக்கு முன்னால் நிற்பதில்லை, பின்னால். முதலாளி ராஜுவிடம் முதல் நாளே போட்ட நிபந்தனை. கையில் தகரக் குழாய், அதன் வழியே பேசினால் என் குரலே எனக்குத் தெரியாது. கஷ்டம் ஒன்றுதான்: படம் தெளிவாக விழத் திரையில் தண்ணீர் அடிக்கிறார்கள், அது என் காலில் சொட்டுகிறது. எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல, வலமிருந்து இடம். பழகிவிட்டேன். நான் பார்த்த சூரர்கள் எல்லாரும் இடதுகைக்காரர்கள்.

இன்று சண்டைப் படம். கதாநாயகன் கள்ளுக்கடையில் ஒரு கும்பலையே அடித்துப் போடுகிறான், தொப்பி கழலவில்லை. குதிரையிலிருந்து ரயிலுக்குத் தாவுகிறான், தொப்பி கழலவில்லை. அருவியில் விழுகிறான். தொப்பிதான் இந்தப் படத்தில் நடிக்கத் தெரிந்த ஒரே ஜீவன்.

வில்லன் அதைவிட. இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது. அந்தப் பெண்ணைச் சுடாமல் தண்டவாளத்தில் கட்டிப் போட்டுவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு ரயிலுக்குக் காத்திருக்கிறான். நம் செங்கோட்டை வண்டியாக இருந்தால் அவளுக்குச் சாப்பாடு கொடுத்துத்தான் காத்திருக்கவேண்டும்.

ஜனங்கள் ஒரே விசில். மூளை என்ற ஒன்றைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வருகிறார்கள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

கணக்குத் தாள் முடிந்தது. பாதிப் பேர் தேறவில்லை. மாங்காய் வண்டிகள் ரோடு முழுக்க, சைக்கிள் விட வழியில்லை.

பள்ளியில் கிருபை அரிச்சுவடி வகுப்பை மரத்தடிக்குக் கொண்டுவந்திருந்தாள். அம்மா நாளை ராஜபாளையம் போகிறார் என்றாள். அவருடைய தங்கைக்குக் கால் வீக்கம், தைலம் தேய்த்துவிடப் போகிறாராம். நான் "அப்படியா" என்றேன். தங்கை வீடு பஞ்சு ஜின்னிங் பாக்டரிப் பக்கம். கொட்டகை ஊரின் அடுத்த கோடி. பயமில்லை.

கிருபை போகும்போது, சாயங்காலமெல்லாம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். தெருப் பிரசங்கத்துக்கு என்றேன். முழுப்பொய் இல்லை. ராஜபாளையம் சந்தையில் தெருப் பிரசங்கம் செய்தபோதுதான் முதலாளி ராஜு என்னைப் பிடித்தார். "ஏமி குரல் வாத்தியாரே, என் கொட்டகைக்கு வாரும்" என்றார். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை, குரல் மட்டும் ஏறியிருக்கிறது.

இன்று சந்திரனுக்குப் போகிற படம். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியர் ஜின்னிங் பாக்டரி பாய்லர் போல ஒன்றைச் செய்து, மகளையும் ஒரு பூனையையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். குடிக்க ஒரு குடம் தண்ணீர் இல்லை. பூனைக்கு மட்டும் கூடை. சந்திரனில் கொம்பு வைத்த மனிதர்கள், கோணிச்சாக்கு உடுப்பு. அவர்களுக்கு ஒரு ராஜா. அவனுக்கு ஒரு இரும்பு வேலைக்காரன். இரும்பு முழங்காலை மடக்கும்போது துணி சுருங்குகிறது. அந்த ராஜா உடனே பேராசிரியர் மகளைக் கடத்துகிறான். ஆகாசம் தாண்டிப் போயும் பெண்ணைக் கடத்துவதுதானா? அதற்குச் சிவகாசி போதாதா?

நான் இதையெல்லாம் ஆச்சரியப்பட்டுச் சொல்லவேண்டும். சொன்னேன். தொண்டை கட்டிக்கொண்டது.

தரை டிக்கெட்டில் மம்சாபுரம் சம்சாரி, நிலம் உழுகிற ஆள் ஒருவர் பக்கத்து ஆளிடம், "ஏலே, அங்கன கிணறு வெட்டுனா எம்புட்டு ஆழத்துல தண்ணி வரும்?" என்று கேட்டார். இன்று கொட்டகையில் பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள வார்த்தை. பேராசிரியருக்கு அது கடைசிவரை தோன்றவில்லை.

ஏப்ரல் 24, புதன்

இன்று நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

பேய்ப் படம் புதிதாக வந்திறங்கியது. காட்சிக்கு முன் முதலாளியோடு தகராறு. படத்தில் ஒரு பெண் கல்யாணத்துக்கு முந்தின நாள் செத்துப்போகிறாள். கறுப்பு அங்கி போட்ட வைத்தியன் ஒருவன் கல்லறைக்குப் போய்க் கூப்பிட்டு அவளை எழுப்பித் தன் ஏவலாளாக வைத்துக்கொள்கிறான். மாப்பிள்ளை வந்து வைத்தியனைக் கொல்கிறான். அந்த நிமிஷமே பெண் மறுபடி பிணம். திரும்பப் பெட்டி, ஆணி, மண்.

முதலாளி சொன்னது: "பொம்பளைங்க அழுதுகிட்டுப் போனா மறுநா வரமாட்டாவ. நீரு கடைசில அவள பொழைக்க வச்சிரும்." பெட்டியில் ஆணி அடிப்பதைக் காட்டும்போது எப்படி ஐயா பிழைப்பாள் என்றேன். ஏதாவது சொல்லும் என்றார். பிணத்தைப் பிணம் என்றுதான் சொல்வேன், வேண்டுமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

படம் வழக்கமான கண்றாவி. நூலில் கட்டிய காகித வௌவால். சுவருக்குள் புகுந்து வருகிற பேய், கதவு வந்தால் மட்டும் கைப்பிடியைத் திருகுகிறது. கதவுக்குச் சத்தம் கிடையாது, நான் வாயால் கிறீச்சிடவேண்டும். பி.ஏ. வரை படித்தவன் கதவு மாதிரி கத்துகிறேன்.

கல்லறைக் காட்சி. வைத்தியன் கை தூக்குகிறான். வாய் அசைகிறது. எழுத்து வரவில்லை, சுருளில் அந்த இடம் அறுந்துபோயிருக்கிறது. என்ன சொல்கிறான் என்று நான்தான் சொல்லவேண்டும். எனக்கு என்ன ஆயிற்றோ. தகரக் குழாய் எப்போது கீழே இறங்கியதோ. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்தி, "மகளே, நித்திரை போதும், எழுந்து வா" என்றேன். பெட்டி மூடி அசைந்தது. கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்கே மயிர் கூச்செறிந்தது. இந்தக் குப்பைப் படத்துக்குப் போய்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஆ...மேன்."

சிரிப்பு வெடித்தது. "ஏட்டி, யாருட்டி அது, கோயில்னு நெனச்சிட்டா" என்று யாரோ சொன்னார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆமேனை எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் சபை முழுவதும் சொல்லி முடித்த பிறகு தனியாக, நீட்டி, கடைசியில் கொஞ்சம் அதட்டலாக ஒன்று வரும். திரை ஓரத்துக் கிழிசலில் கண் வைத்துப் பார்த்தேன். வெள்ளைச் சேலை. கக்கத்தில் கறுப்புக் குடை. தலையைக் குனிந்துகொண்டு ஜனங்களை மிதித்து வெளியே போகிறார். ஞானப்பூ அத்தை.

மீதிப் படத்தை எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. பிணத்தைப் பிணம் என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஏப்ரல் 25, வியாழன்

தூக்கம் இல்லை. புழுக்கம்.

அவருக்கு என்னைத் தெரிந்திருக்கும். என் வாசிப்பு வேகம் அதிகம் என்று போதகரிடம் முறையிட்டவரே அவர்தான். அவர் அங்கே இருந்தது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா? அது தெரியவில்லை. தெரிந்தால் இரண்டில் ஒன்று: பேசாமல் இருப்பார், அல்லது நான் முந்துவதற்குள் அவர் முந்துவார். அவர் சொன்னால் சபை அவரை நம்பும். நான் சொன்னால் யாரும் என்னை நம்பப்போவதில்லை. ஞானப்பூ அம்மாள் சினிமாவில் என்றால் பேயை நம்பினாலும் அதை நம்பமாட்டார்கள்.

பள்ளியில் கிருபையிடம் அத்தை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். காலை முதல் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாராம். "சித்தி கால் எப்படி இருக்குன்னா, கர்த்தர் பாத்துக்கிடுவாருங்கிறாவ. சோறும் திங்கல. கதவச் சாத்திட்டு ஜெபம் பண்ணுறாவ" என்றாள். என் முகத்தைப் பார்த்து உடம்புக்கு என்ன என்று கேட்டாள். வெயில் என்றேன்.

சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. இந்த ஊரில் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அவளை ஒரு காகித வௌவாலுக்காக இழக்கப்போகிறேன்.

கொட்டகைக்குப் போகவில்லை. பல்வலி என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

கொஞ்சம் மேகம். மழை இல்லை.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் அத்தை வீட்டில். போகாவிட்டால் சந்தேகம், போனேன். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவர் முறை வந்ததும் முழங்காலில் நின்று நெடுநேரம் ஜெபித்தார். மிஷன் ஆஸ்பத்திரி, மழை, மாங்காய் விளைச்சல் எல்லாம் ஆன பிறகு குரலைத் தாழ்த்தி:

"ஆண்டவரே, இருட்டுல நிக்கிறவங்களையும் இருட்டுல உக்காந்திருக்கிறவங்களையும் மன்னியும்."

மற்றவர்கள் அஞ்ஞானிகளுக்கான ஜெபம் என்று எடுத்துக்கொண்டு ஆமேன் சொன்னார்கள். எனக்கு மட்டும் முதுகில் வேர்வை. இது சமாதானமா, எச்சரிக்கையா? நிற்கிறவன் நான். உட்கார்ந்தவர் அவர். என்னை முதலில் சொன்னாரே, அதனால் என் பாவம்தான் பெரிது என்று அர்த்தமா?

கருப்பட்டிக் காப்பி முதல் டம்ளர் எனக்குத்தான் வந்தது. அவர் கையாலேயே. "குடிங்க வாத்தியார் தம்பி." ஒரே கசப்பு, கருப்பட்டி போடவே மறந்திருந்தார். அல்லது மறக்கவில்லை. மடக்கென்று குடித்தேன்.

ஏப்ரல் 27, சனி

போகக்கூடாது என்று மத்தியானம் வரை தீர்மானம். நான்கு மணிக்குச் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மம் நான்.

அதே பேய்ப் படம். செவ்வாய் வரை நீட்டிப்பு, அவ்வளவு கூட்டம். காகித வௌவாலுக்கு. முதலாளி மறுபடி கெஞ்சினார், அவளைப் பிழைக்க வையும் என்று. மறுபடி மறுத்தேன். கல்லறைக் காட்சியில் குழாயை வாயிலிருந்து எடுக்கவேயில்லை. ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று, யாருக்கும் மூச்சு நிற்கவில்லை, ஒருவன் முறுக்குத் தின்கிற சத்தம் கேட்டது. அது எனக்கு ஏன் இவ்வளவு கோபம் தரவேண்டும் என்று தெரியவில்லை. படம் குப்பைதானே.

நாளை மூன்றாம் ஓலை. வெள்ளை வேட்டி மடித்து வைத்தாயிற்று.

ஏப்ரல் 28, ஞாயிறு

இன்றைய பாடம் நான் வாசித்தேன். தடுமாறினேன். அத்தை தலை நிமிரவில்லை.

பிறகு ஓலை. "இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போது சொல்லவேண்டும்" என்று போதகர் நிறுத்தினார். அவர் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்துவார். வேப்பமரத்துக் காக்கை கத்தியது. பெண்கள் பக்கம் குடை தரையில் ஊன்றும் சத்தம். அத்தை எழுந்து நின்றார்.

போயிற்று என்று நினைத்தேன். கிருபையைப் பார்த்தேன், அவளும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ரத்தமில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

அத்தை ஜன்னலுக்குப் போய், வெயில் விழுகிறதென்று கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். போதகர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். பாட்டில் நான் உதட்டை மட்டும் அசைத்தேன்.

வெளியே எல்லாரும் கைகொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு வேப்பமரத்தடியில் அத்தை என் பக்கமாக வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைகிறதா என்றே தெரியாத குரலில்:

"மாப்பிள்ள. கடைசில அந்தப் பிள்ள பொழச்சுதா?"

முதல்முறையாக மாப்பிள்ளை என்கிறார். ஆமேன் சொன்னதும் ஓடிப்போனவர். நாலு நாளாகச் சோறு இறங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு இவர் ஜெபித்தது எனக்காகவும் இல்லை, தனக்காகவும் இல்லை. பெட்டியிலிருந்து எழுந்த அந்தப் பெண்ணுக்காக.

"பொழச்சிட்டா அத்த" என்றேன். "கல்யாணமும் ஆச்சு."

"ஸ்தோத்திரம்." நீளமாக ஒரு மூச்சு விட்டார். குடையை விரித்தார். இரண்டடி போய் நின்று, ரோட்டைப் பார்த்தே மறுபடி சொன்னார்: "செவ்வாக்கெழம தங்கச்சி காலுக்குத் தைலம் தேய்க்கப் போவணும். செத்த நேரம் இருந்துட்டு, பொறவு கடைசி பஸ்ஸுல வருவேன்."

செவ்வாய். அதே படம். அவளைப் பிழைக்க வைக்கிறேன் என்று முதலாளியிடம் போய் என்ன முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அதுகூடப் பரவாயில்லை. அவளைப் பெட்டியில் வைத்து ஆணி அடிக்கிறார்கள், மாப்பிள்ளையே மண் அள்ளிப் போடுகிறான், முழுச் சுருளும் அதுதான். அந்த நேரம் பூராவும் நான் என்ன சொல்ல.