எலிக்குத் தெரிந்த வழி

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

அம்மாவுக்கு வந்த மறதி நோயின் மரபணுவை எலிகளுக்குள் திருத்திப் பார்க்கிறோம் என்று சொன்னேனே, அது பலித்துவிட்டது. வழி மறந்து சுவரில் முட்டிக்கொண்டு நின்ற எலிகள் இப்போது நேராகத் தீனிக்குப் போகின்றன. ஆய்வகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு என் அறைக்குக் கிளம்பினேன். தாழ்வாரம் இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். உதவியாளர் பெண் வந்து, “மேடம், உங்க ரூம் இந்தப் பக்கம்” என்றாள்.

“புரொபசர்னா கொஞ்சம் மறதி இருக்கணும்ல” என்றேன். சிரித்தாள்.

“நம்ம காலத்துல மருந்து வந்துடுமாக்கா?” என்று தொலைபேசியில் கேட்டாய். மனிதர்களுக்குக் கொடுக்க இன்னும் பத்து வருடமாவது ஆகும்.

உன் காலத்தில் வந்துவிடும்.

இப்படிக்கு,
அக்கா