நீ தூக்கினாய், நானும் தூக்கினேன்

ஷூ பாலிஷ் டப்பாவைத் திறந்தால் இப்போதும் முதலில் உன் முகம்தான் வருகிறது. அடுத்து எரிச்சல் வருகிறது. நாளை மேட்ச். கறுப்பு ஷூவைத் துடைத்து வைத்துவிட்டு உனக்கு இதை எழுதுகிறேன், நீ படிக்கப்போவதில்லை என்கிற தைரியத்தில்.

நியூஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நம் ஆட்கள் எல்லாம் கிரிக்கெட்டுக்கு ஓட, பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு நடுவராக என்னை இழுத்துப்போனவன் நீ. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் நம்மைப் பார்த்து உன் மகள், "அப்பா, யூ லுக் லைக் எ ஸீப்ரா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். உன் வீட்டு பேஸ்மென்ட்டில் கண்ணாடி முன்னால் சிக்னல் பழகினோம். இரண்டு கையும் நேரே மேலே போனால் டச்டவுன், கோல் கோட்டுக்கு அப்பால் பந்து சேர்ந்து புள்ளி கிடைத்தது என்று அர்த்தம். இடுப்புக்கு முன்னால் குறுக்கே வீசினால் பந்து தரையில் பட்டுவிட்டது, கேட்ச் இல்லை. "முழங்கை மடிஞ்சா அது சிக்னல் இல்லடா, சோம்பல் முறிக்கிறது" என்பாய்.

கோல் கோட்டின் இரு முனையிலும் நாம் நிற்போம். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்த பிறகே கை எழ வேண்டும் என்பது நம் கண்டிப்பு. "ரெண்டு பேர் ரெண்டு சிக்னல் காட்டினா எவனும் மதிக்க மாட்டான்." நீ சொன்னதுதான்.

அந்தச் சனிக்கிழமை, கடைசி நிமிடத்தில், பையன் பாய்ந்து பிடித்த பந்து தரையில் பட்டு எழும்பியது. நான் தெளிவாகப் பார்த்தேன். உனக்கு ஆட்களின் முதுகு மறைத்திருந்தது. ஆனாலும் என் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கிவிட்டாய். நான் ஓடிவந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ தூக்கினாய், நானும் தூக்கினேன். தோற்ற பையன்கள் புல்லில் உட்கார்ந்து அழுதார்கள்.

ஒரு தாய் எடுத்த வீடியோ நடுவர்கள் கூட்டத்துக்கு வந்தது. அதில் பந்து தரையில் பட்டது மட்டும்தான் தெரிந்தது, நாம் இல்லை. நீ நிதானமாக இங்கிலீஷில் சொன்னாய்: உனக்கு மறைத்ததாம், என் கை எழுந்ததைப் பார்த்துத்தான் நீ தூக்கினாயாம். ஒரு சீசன் முழுக்க என்னை உட்கார வைத்தார்கள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பார்க்கிங் லாட்டில் உன்னைக் கேட்டேன்.

"ரெண்டு பேரும் போயிட்டா இங்க நம்ம ஆளே இருக்க மாட்டாங்கடா. ஒருத்தனாவது இருக்கட்டும்."

அந்த ஒருத்தன் நீயாக இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது? அந்த வருஷ ஃபைனலில் நீ நின்றாய். நான் டிவியில்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு உன் ஃபோனை எடுக்கவில்லை. ஏழெட்டு முறை கூப்பிட்டிருப்பாய். மன்னிப்புக் கேட்கத்தானா, வேறெதற்காவதா, தெரியாது. பிறகு மாரடைப்பு.

ஃபியூனரல் ஹோமில் உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தன் தப்பை அடுத்தவங்க மேல போடவே தெரியாதுண்ணா அவருக்கு. இல்லண்ணா?" பக்கத்தில் உன் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

உன் மகளுக்காகத்தான் ஆட்டினேன், உனக்காக இல்லை. ஆனாலும் மறுபடி உனக்கு ஒத்துப்போனவன் ஆகிவிட்டேன். இனி நிஜத்தை எவரிடமும் சொல்ல முடியாது. உன்னோடு ஒரு சண்டை போட்டிருக்க வேண்டும்டா. நீ கூப்பிட்டபோது எடுத்தாவது போட்டிருக்கலாம்.