சந்திரமதி வாசித்த கடிதம்

காஜா பெராங், மலாக்கா
11-8-1957

சிரஞ்சீவி ராஜரத்தினத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கை சந்திரமதியும் உடம்பைப் பொறுத்தவரை சுகம், மனதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் மதராஸில் வேளைக்குச் சாப்பிட்டு, கல்லூரிக்கு ஒழுங்காகப் போய்வர மாரியம்மன் துணை இருக்கட்டும். போன மாத மழையில் சமையற்கட்டுக் கூரை ஒழுகிவிட்டது, தமிழ் மறந்துபோன எதிர்வீட்டு மலாக்காச் செட்டிக்காரர் வழக்கம்போல மலாயில் திட்டிக்கொண்டே ஏறித் தார் பூசிக் கொடுத்தார். எனக்குத் தையல் வேலை தலைக்குமேல் கிடக்கிறது. ஜாலான் பெண்டஹாராவில் இருக்கும் அப்துல் கய்யூம் ஜவுளிக்கடையில் சுதந்திர நாளுக்குக் கொடி கேட்டு ஆள்மேல் ஆள் வருகிறார்களாம், ரவிக்கையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டை மூட்டையாகத் துணி அனுப்பிவிட்டார். கோடுகளைத் தைத்துவிடலாம், அந்த நட்சத்திரத்துக்குத்தான் பதினோரு முனை, ஒரு முனை கோணினாலும் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது. கண் எரிகிறது. அதற்காக நீ கவலைப்பட வேண்டாம், கவலைப்பட வேறு விஷயம் இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். ஜூலை பத்தொன்பதாம் தேதி நீ பள்ளிக்கூட வாரியத் தலைவர் பொன்னுதுரைக்கு எழுதின கடிதம் எனக்குத் தெரியும். என் தாயாருக்குத் தெரிய வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தாயே, அந்த வரி உட்பட முழுவதும் தெரியும். யார் சொன்னார்கள் என்று யார்மேலும் சந்தேகப்படாதே. உன் தங்கைதான் அதைப் பள்ளிக்கூட மாணவியர் மன்றத்தில் இருபது பெண்கள் முன்னால் நின்று, கடைசி பெஞ்சில் இருந்த எனக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

இந்த மாணவியர் மன்றத்தை ஆரம்பிக்கச் சொன்னது யார் ரத்தினம்? நானா? நான் உண்டு என் தையல் மிஷின் உண்டு என்று கிடந்தவள். போன வருஷம் பொங்கலுக்கு நீதான் பக்கம் பக்கமாக எழுதினாய். நாடு விடுதலை ஆகப்போகிறது, நம் பெண்பிள்ளைகள் மட்டும் பேர் கேட்டால் பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு நிற்கிறார்கள், பதின்மூன்று பதினான்கு வயதில் தைரியம் பழக்காவிட்டால் பிறகு எப்போதும் வராது, பள்ளிக்கூடத்திலேயே அவர்களுக்குப் பேசவும் கூட்டம் நடத்தவும் தலைமை தாங்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றாய். அங்கே நீ மேடைகளில் பேசுவதையும் எழுதியிருந்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை, கடிதத்தை எடுத்துக்கொண்டு பெரிய வாத்தியாரிடம் போனேன், சிவகாமசுந்தரி டீச்சரிடம் போனேன், அந்த அம்மாள் சரியென்று வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். அப்புறம் வீடுவீடாகப் போய்ப் பெண்களைக் கேட்டு வாங்கியது நான். கய்யூம் வீட்டு மரியம் முதலில் முடியவே முடியாது என்றாள், பிறகு உன் பேரைச் சொன்னதும், உங்க மகன் படிச்ச பிள்ளை, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், அவரு தங்கச்சியும் வருதுல்ல, எங்க சபியாவும் வரட்டும் என்று அனுப்பினாள். உன் பேரை அடகு வைத்துத்தான் அத்தனை வீட்டுப் படியும் ஏறினேன்.

நீ வந்து பார்த்திருக்க வேண்டும். முதல் வாரம் ஒருத்தி வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. இன்னொருத்தி சிரித்துச் சிரித்தே உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் யாரையும் அதட்டவில்லை. வாரத்துக்கு ஒருத்தி தலைவி, ஒருத்தி செயலாளர் என்று முறை வைத்தார்கள். தலைவி கூட்டத்தை நடத்த வேண்டும், செயலாளர் வந்த கடிதங்களைப் படித்து, நடந்ததை நோட்டில் எழுத வேண்டும். கடிதம் எங்கிருந்து வரும், முதலில் பெரிய வாத்தியார் மண்டபத்தைக் கூட்டி வையுங்கள் என்று எழுதுவார், அதையே ஏதோ கவர்னர் கடிதம் மாதிரி நின்று படிப்பார்கள். நடுவில் தடுக்கினாலும் நிறுத்தக் கூடாது, பிடிக்காத சேதியாக இருந்தாலும் முழுவதும் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்பது டீச்சர் வைத்த சட்டம். நானும் வெள்ளிக்கிழமை தோறும் துணையாகப் போய்க் கடைசி பெஞ்சில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறே மாதத்தில் இந்தப் பெண்கள் வாரியத்துக்கே மனு எழுதி, பெண்கள் பக்கம் தண்ணீர்க் குழாய் போட வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள். ஆகஸ்ட் முப்பதாம் தேதி பள்ளிக்கூட விழாவில் மாணவிகள் சார்பில் யார் பேசுவது என்று ஓட்டுப் போட்டதில் சந்திரமதி ஜெயித்தாள். அன்று ராத்திரியே உனக்கு எழுதிப் போட்டாள். அதற்குத்தான் நீ இரண்டு கடிதம் எழுதினாய்.

அவளுக்கு வந்ததை நானும் படித்தேன். கண்ணே மதி, பயப்படாமல் பேசு, அண்ணன் மதராஸிலிருந்து கைதட்டுவேன் என்று எழுதியிருந்தாய். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். பொன்னுதுரைக்கு எழுதினதில், என் தங்கை மேடையேறுவதில் எனக்குச் சம்மதமில்லை, கிளேபாங் கலியாணசுந்தரம் வீட்டில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருக்கும் சமயத்தில் இது குடும்பத்துக்கு அழகல்ல, இந்த மன்றம் பெண்களை அடங்காதவர்களாக ஆக்குகிறது, இதை நிறுத்திவிட்டுத் தையல் வகுப்பு நடத்தினால் பிரயோஜனம் என்று எழுதியிருந்தாய். இரண்டிலும் ஒரே தேதி. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், என் வயிற்றில் பிறந்தவனே செய்வான் என்று நினைக்கவில்லை. தையல் வகுப்பாம். உன்னைக் கப்பலேற்றி அனுப்பிய தையல்காரி வீட்டில் இருக்கும்போது உன் தங்கைக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வாரியமா வர வேண்டும்?

அந்தக் கடிதம் எப்படி மன்றத்துக்கு வந்தது என்று நீ குழம்புவாய். சந்திரமதியின் பேச்சை ரத்து செய்து பொன்னுதுரை மன்றத்துக்கு ஒரு உத்தரவு எழுதினார், அதைக் கிளார்க் சேதுபதியிடம் கொடுத்தபோது உன் கடிதமும் கீழே ஒட்டிக்கொண்டு போய்விட்டது. சேதுபதி எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்க்கிற மனுஷன் இல்லை, இரண்டையும் சேர்த்து ஊசி குத்தி அனுப்பிவிட்டார். இந்த மாதம் இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, தலைவி சபியா, செயலாளர் சந்திரமதி. உத்தரவைப் படித்ததும் அவள் முகம் வெளுத்தது. பக்கத்தைத் திருப்பினாள், உன் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா, நிமிர்ந்து என்னை ஒருதரம் பார்த்தாள். என்ன இருக்கிறதென்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். அடங்காதவர்கள் என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது, மறுபடி தூக்கிக்கொண்டாள். தாயாருக்குத் தெரிய வேண்டாம் என்பதையும் விடவில்லை, உன் கையெழுத்தையும் பேரையும் விடவில்லை. படித்து முடித்து, இதைப் பற்றி யாராவது பேச விரும்புகிறீர்களா என்று முறைப்படி கேட்டாள். டீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது, அவள் நிற்கும்போது நான் எப்படி ஓடுவது.

வீட்டுக்கு வந்து அழுதது நான், அவள் இல்லை. முகம் கழுவி, சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் தலை பின்னிவிடும்போது மட்டும் ஒன்று கேட்டாள், அண்ணனுக்கு நான் பேசுறது வெட்கமா இருக்காம்மா, இல்ல பயமா இருக்கா என்று. அதற்குப் பதிலை நீயே அவளுக்குச் சொல் ரத்தினம். அண்ணனே எழுதிக் கேட்டால் பொன்னுதுரை ஒப்புக்கொள்வார், அவனுக்கு எழுதவா என்று கேட்டேன். வேண்டாம்மா, அனுமதி கேட்டு எழுதாதீங்க என்றுவிட்டாள். அதனால் இது அனுமதி கேட்கிற கடிதம் அல்ல என்று தெரிந்துகொள்.

அந்த வாரமே மரியம் வந்து சபியாவை நிறுத்திக்கொள்கிறேன் என்றாள். சொந்தத் தங்கச்சிக்கே வேணாம்னு எழுதிட்டாராமே, அப்ப எங்க பிள்ளைய மட்டும் எதுக்குக் கூப்பிட்டீங்க என்று கேட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? இன்னும் மூன்று வீட்டிலும் அதையே சொன்னார்கள். ஒரு வருஷம் நான் நடந்து சேர்த்ததை நீ ஒரு ஏர்மெயில் தாளில் கலைத்துவிட்டாய். சரி, கலியாணசுந்தரம் வீட்டில்தான் ஏதோ சொல்லியிருப்பார்களோ என்று கிளேபாங்குக்கே போனேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் மகள் பேசப்போகிறாளாமே, நானும் என் மகள் கோகிலாவும் வரலாம் என்றிருக்கிறோம், முன்னால் இடம் பிடித்து வையுங்கள் என்கிறார். யாருமே கேட்காததற்கு நீயாகப் பயந்து உன் தங்கையை விலையாகக் கொடுத்திருக்கிறாய். ஊருக்குத்தான் உபதேசமா? மதராஸில் உனக்குக் கைதட்டுகிறவர்களின் தங்கைகள் மட்டும் பேசினால் போதுமா?

அங்கிருந்து நேராகப் பொன்னுதுரையிடம் போய், பெற்றவள் நான் சொல்கிறேன், அவள் பேசட்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, சட்டம் பேசுகிறவர். சேர்க்கைப் பதிவேட்டை வரவழைத்து என் முன்னால் விரித்து வைத்தார். பாதுகாவலர் என்ற இடத்தில் உன் பேர் இருந்தது. அப்பா போன மறுமாதம் அவளைச் சேர்க்கப் போனபோது, ஆண்பிள்ளை பேர் இருந்தால்தான் மரியாதை என்று நானேதான் சொல்லி எழுத வைத்தேன். உனக்கு அப்போது பதினாறு வயது, மீசை சரியாக முளைக்கவில்லை. அவளுக்குச் சோறு போட்டதும், அம்மை வார்த்தபோது இருபது நாள் பக்கத்தில் கிடந்ததும் நான், பாதுகாவலர் நீ. ஏழு வருஷம் அது எனக்குத் தப்பாகவே படவில்லை. பாதுகாவலர் ஆட்சேபம் இருக்கும்போது நான் என்ன செய்யட்டும் அம்மா என்றார் பொன்னுதுரை. அப்படியானால் மாற்றுங்கள் என்றேன்.

நேற்று முன்தினம் போய் மாற்றிவிட்டு வந்தேன். சேதுபதி பேனாவை எடுத்து, நான் அடிச்சிடவாம்மா என்று கேட்டார். வேண்டாம் என்று நானே வாங்கி உன் பேரின் மேல் கோடு போட்டேன். கோடு நேராக வரவில்லை. அதற்கு மேலே என் பேரை எழுதி, உறவு என்ற இடத்தில் தாய் என்று எழுதினேன். முப்பதாம் தேதி சந்திரமதி பேசுகிறாள். நின்றுபோன பெண்களில் சபியாவை மட்டும், இதைக் கேள்விப்பட்டு மரியம் திருப்பி அனுப்பியிருக்கிறாள், மற்ற மூன்று வீட்டுக்கும் மறுபடி நடக்க வேண்டும், இந்தத் தடவை உன் பேரைச் சொல்ல மாட்டேன்.

உன்னை நான் சபிக்கவில்லை, எனக்கு அது வராது. நல்ல படிப்பும் நீண்ட ஆயுசும் மாரியம்மன் உனக்குக் கொடுக்கட்டும், சொன்ன சொல்லில் நிற்கிற தெம்பையும் சேர்த்துக் கொடுக்கட்டும். பரீட்சை நெருங்குகிறது, தொண்டை கட்டினால் மிளகுக் கஷாயம் வைத்துக் குடி, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. பொன்னுதுரைக்கு இனி எழுத வேண்டாம். உன் தங்கையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமானால் அவள் பாதுகாவலருக்கு எழுது. விலாசம் உனக்குத் தெரியும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
சாரதாம்பாள்