பல் டாக்டர் நாற்காலி

மக வீட்டுல கால் நீட்டி உக்காந்திருக்கிற மகாராணிக்கு,

மூடிட்டுப் போன பல் ஆஸ்பத்திரியில வாங்கினேனே நாலு நாற்காலி, அதுல மூணை முடிவெட்டுற கடைங்களுக்குத் தள்ளிவிட்டேன். தண்ணிக் குழாயைக் கழட்டி, ஓட்டையை அடைச்சு, புது ரெக்சின் போட்டா மாப்பிள்ளை மாதிரி இருக்கு. ஒரே ஒரு வம்பு, சாய்ச்சதும் பழக்கதோஷத்துல ஆளுங்க வாயைத் தொறந்துடுறாங்களாம்.

"பெரியவரே, வாயில முடி விழுதுன்னு என்னைத் திட்டுறாங்க"ன்னு ஒரு கடைக்காரர் சண்டைக்கு வந்தாரு.

"வாயைத் தொறந்தே வெச்சிருந்தா அரசியல் பேச முடியாதுல்ல, அதுக்கு நீங்கதான் எனக்குத் தனியா காசு தரணும்"னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

நாலாவதை விக்கல. கால்ல மிதிக்கிற பெடலை எடுத்துட்டு, கைப்பக்கம் சுவிட்சு வெச்சிருக்கேன். அமுக்கினா மெதுவா தூக்கி ஆளை நிக்க வெச்சிடும். ஆபரேஷன் பண்ண உன் முட்டிக்குச் சிரமமே இல்ல.

நாற்காலி எந்த உயரத்துல நிக்கணும்னு வைக்க ஒரு திருகு இருக்கு. அதுக்குத்தான் மகளுக்குப் போன் போட்டு உன் கால் அளவைக் கேட்டேன். "அங்க அம்மா எப்படிப்பா உக்காந்து எந்திரிப்பாங்க? இனிமே இங்கயே இருக்கட்டும்"னா. அளவு சொல்லல.

இத்தனை வருஷம் கூடவே நடந்தவனுக்கு அளவு தெரியாதான்னு கேப்ப. தெரியும். ஆனா ஆள் வந்து உக்காராம கடைசித் திருகை முடுக்குறவன் மெக்கானிக்கே இல்ல.

இப்படிக்கு,
ஸ்பானரைக் கீழ வைக்காம இருக்கிற
உன் வீட்டுக்காரன்