அழித்த தழும்பு

ஆடி, செவ்வாய். இரவு.

சாயங்காலம் செல்வி ஸ்டுடியோவுக்கு வந்தாள். அவள் அம்மாவின் பதினாறாம் நாளுக்குப் படம் பெரிதாக்கிக் கொடுத்தது நான்தான். போன வருடம் ரேஷன் கார்டுக்காக நானே எடுத்த படம். செத்தவர் படம் என்றால் யாரும் கேட்காமலே பட்டுச்சேலை உடுத்தி, சங்கிலி போட்டு, முகத்தில் இருக்கும் வடுவையெல்லாம் அழித்துவிடுவேன். விளாங்குடியில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். அவள் அப்பா பார்த்துவிட்டு, "மகாலட்சுமி மாதிரி இருக்கா" என்று அழுதார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"அண்ணே, அம்மா புருவத்துல தழும்பு இருக்குமே, அந்தப் பழைய படம் வேணும்" என்றாள் செல்வி. "அம்மா சாவுல சந்தேகம்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கேன். அப்பா அடிச்சதே இல்லன்னு சாதிக்கிறாரு. ரேஷன் கார்டுல முகமே தெளிவா இல்ல, எங்கிட்ட வேற படமும் இல்ல."

கம்ப்யூட்டரில் தேடினேன். பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்திருக்கிறேன்.

"அழிச்சிட்டீங்களாண்ணே?" என்றாள். திட்டவில்லை. போய்விட்டாள்.

கல்லூரியில் தத்துவம் படித்தவன் நான். கலைஞன் உண்மைக்குக் கட்டுப்பட்டவனா என்ற கேள்விக்கு, இல்லை என்று ஆறு பக்கம் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவன்.

அவள் போன பிறகு அந்தத் தழும்பை நானே வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரைந்தால் அது சாட்சி ஆகாது, என் கைவேலைதான். தெரிந்துதான் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் பெரிதாக்கி வைத்து, பார்த்துப் பார்த்து அழித்த தழும்பு அது.

இடது புருவமா வலது புருவமா என்று எனக்கு நினைவில்லை.